இருபத்தாறு முதல் ரேங்க்

அமலராணி எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். பொழிச்சலூரில், விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிறது எங்கள் பள்ளி. யாரிடம் என்ன பேசினாலும் நடுவில் ஒருமுறை நிறுத்தி, விமானம் போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். நான் சுபத்ரா, பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். நடந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், பஸ் பாஸுக்கான கடிதம் எல்லாமே அமலராணியின் கையெழுத்தில்தான் வெளியே போகும். அவருடைய கணவர் யேசுதாசன் மாநகரப் பேருந்தில் நடத்துநர். சிரித்துப் பேசுகிறவர். அமலராணி அதிகம் பேசமாட்டார். பொய் எழுதவே மாட்டார். ஒரு பையன் கழிவறைக் குழாயை உடைத்துவிட்டான். போகும்போது அவனுடைய சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில், "நன்று, குழாய் நீங்கலாக" என்று எழுதிக் கொடுத்தார். அவனுடைய அப்பா மூன்று நாள் அலைந்தும் அந்தக் குழாயை எடுக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில் ஷ்யாம்சுந்தர் என்பவர் அலுவலகத்துக்கு வந்தார். சிறுசேரியில் மென்பொருள் வேலை. மகள் ஸஹானா எங்களிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்க்க விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது.

"மேடம், இதுல கிளாஸ் ரேங்க்னு ஒரு பாக்ஸ் இருக்கு. ஒண்ணுன்னு போட்டு ஒரு லெட்டர் குடுங்க."

"இங்க ரேங்க் கிடையாது சார். எடுத்து ஏழெட்டு வருஷம் ஆச்சு."

"அப்ப நீங்களே கணக்குப் பண்ணிச் சொல்லுங்க."

அமலராணி மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். ஸஹானா ஒன்பதாவது.

"ஒன்பதா? ஒன்பதெல்லாம் அங்க எடுபடாது மேடம்."

"பொய் எழுத மாட்டேன் சார்."

"பொய் வேணாம். உண்மையிலேயே எதுலயாவது அவ ஃபர்ஸ்டா இருப்பா. கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

இந்த வார்த்தைதான் அமலராணியைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தேடினார். கணக்கில் இல்லை, இயற்பியலில் இல்லை, என் பாடத்தில் சுத்தமாக இல்லை. மூன்றாவது நாள் கிடைத்துவிட்டது. அந்த வகுப்பில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தவள் ஸஹானா மட்டும்தான். அமலராணி கடிதம் எழுதினார்: "பிரெஞ்சு மொழிப் பிரிவில் முதல் ரேங்க். பிரிவில் மொத்தம் ஒருவர்."

ஷ்யாம்சுந்தர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, விண்ணப்பத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று அங்கேயே நின்று போனில் தட்டினார். அடுத்த ஏப்ரலில் ஸஹானாவுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. படிப்புக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி வேறு.

பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி பரவியது. அந்தப் பெண் நான்கு வருடம் வீணை வாசித்தது, அடையாற்றுக் கழிவுநீரைப் பற்றி எழுதிய கட்டுரை எல்லாம் செய்தியில் இல்லை. 'ஒன்றுக்கு ஒன்று' மட்டும்தான் இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வரிசை. எல்லாருக்கும் முதல் ரேங்க் வேண்டும். உண்மையான முதல் ரேங்க்.

தாளாளர் சாம்பசிவன் சார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த யோசனையையும் பாதியில் விடமாட்டார் என்பதுதான் அவருடைய குணம். புதிய பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டார். இருபத்தாறு என்றார் அமலராணி.

"ஆங்கிலத்துல எத்தனை எழுத்து?"

"இருபத்தாறு சார்."

விமானம் ஒன்று போனது. அவர் கையை உயர்த்திக் காத்திருந்தார். சத்தம் அடங்கியதும், "ஆளுக்கு ஒரு செக்‌ஷன். ஏ-யிலேர்ந்து இஸட் வரைக்கும். எல்லாருமே கிளாஸ் ஃபர்ஸ்ட். இதுல பொய் எங்கேம்மா இருக்கு?" என்றார்.

அமலராணி நிறைய நேரம் யோசித்தார். பொய் எதுவும் தென்படவில்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு அறையின் ஒரே கதவுக்கு மேலே இருபத்தாறு பலகைகள் தொங்கின. உள்ளே அதே இருபத்தாறு பிள்ளைகள், அதே பெஞ்சுகள். முதல் பாடவேளை என்னுடையது, வகுப்பாசிரியையும் நான்தான். இருபத்தாறு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். "ஏ பிரிவு, மொத்தம் ஒருவர், வருகை ஒருவர்" என்று ஆரம்பிப்பேன். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பிரிவில் வருகை பூஜ்யம். ஒரு பிரிவு முழுவதும் வராவிட்டால் வகுப்பாசிரியர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று பள்ளியில் ஒரு பழைய விதி உண்டு. டெங்கு வந்த வாரத்தில் பத்து விளக்கம் எழுதினேன்.

குழுப் புகைப்படம் எடுக்கும் நாளில் தாளாளர், தலைமை ஆசிரியை, நாங்கள் ஏழு பேர் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தோம். பின்னால் பெஞ்சு மேல் ஒரே ஒரு பிள்ளை நின்றது. கிளிக். அந்தப் பிள்ளை இறங்க, அடுத்த பிரிவு ஏறியது. இருபத்தாறு முறை. வெயிலில் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்ததால், எஸ் பிரிவுக்குப் பிறகு வந்த எந்தப் படத்திலும் எங்களில் ஒருவருக்கும் கண்ணே இல்லை.

வகுப்புத் தலைவர் தேர்தலும் நடந்தது. ரகசிய வாக்கெடுப்பு. இருபத்தைந்து பிரிவிலும் போட்டியிட்டவரே வென்றார். க்யூ பிரிவில் மட்டும் கிரீஷ் என்ற பையன் ஜன்னல் வழியாக விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தனக்கு ஓட்டுப் போட மறந்துவிட்டான். ஒரு வாக்குகூடப் பெறாதவரைத் தலைவராக அறிவிக்க அமலராணி மறுத்துவிட்டார். க்யூ பிரிவுக்குத் தலைவர் இல்லை.

ஜூலைக் கடைசியில் முதல் இடைப்பருவத் தேர்வு. அதில் கிரீஷ் என் பாடத்தில் தோற்றுவிட்டான். எந்தப் பாடத்தில் தோற்றாலும் ரேங்க் கிடையாது என்பதும் பழைய விதிதான். அமலராணி க்யூ பிரிவின் பட்டியலில் முதல் ரேங்க் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். கிரீஷின் அம்மா ப்ரியா அன்றைக்கே விடுப்புப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"ஒரே ஆள் இருக்கிற கிளாஸ்ல என் பையன் ஃபர்ஸ்ட் இல்லைன்னா, வேற யாருங்க ஃபர்ஸ்ட்?"

"யாரும் இல்லைங்க. இடம் காலியா இருக்கு" என்றார் அமலராணி.

ப்ரியா மேஜையிலிருந்த ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். காலியாக இருக்கும் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

இந்த நிலையில்தான் ஆகஸ்டில் எப்சி வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. திருநெல்வேலியிலிருந்து தாம்பரத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது. வருட நடுவில் சேர்ப்பதற்குத் தேவையான அனுமதிகளை எல்லாம் அவரே வாங்கிக் கையில் வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அமலராணி கணினியில் அவள் பெயரை ஏற்றப் பார்த்தார். பிரிவு என்ற கட்டத்தில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். ஏ முதல் இஸட் வரை எல்லாம் போய்விட்டது.

அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்த சிட்டிபாபு அனகாபுத்தூரிலிருந்து வண்டியில் வந்து பார்த்தார்.

"ஒரு எய்த்துக்கு மேல ஏறாது மேடம். சிஸ்டம் அப்டித்தான் கீது."

"ஏ-ஒண்ணுன்னு போட முடியாதா?"

"நம்பர் போட்டா பேஜாராயிடும் மேடம். இந்தப் பொண்ண எதுனா ஒரு செக்‌ஷன்ல சேத்துக்க சொல்லுங்க. ஒரு ஆளு தான கீது ஒவ்வொண்ணுலயும்? எடமா இல்ல?"

இடம் இருந்தது. சேர்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. எப்சியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் நானூற்றுத் தொண்ணூற்றாறு. அவள் எந்தப் பிரிவுக்குள் போனாலும் அங்கே ஏற்கெனவே இருக்கிற முதல் ரேங்க் இரண்டாம் ரேங்க் ஆகிவிடும். செய்தி எப்படியோ வெளியே போய், முதல் நாள் மாலைக்குள் பதினெட்டுப் பெற்றோர் ஆட்சேபணைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் எட்டுப் பேர் மறுநாள் காலையில் கொடுத்தார்கள். அவர்கள் பெருங்களத்தூர் சிக்னலில் மாட்டிக்கொண்டதால் தாமதம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது.

பதினொரு நாள் எப்சி எந்தப் பிரிவிலும் இல்லாமல் இருந்தாள். இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். கேள்வி கேட்டால் டக்கென்று பதில் சொல்வாள். ஆனால் என்னிடம் இருந்த எந்தப் பதிவேட்டிலும் அவள் இல்லை. காலைப் பிரார்த்தனையில் ஒரு பிரிவுக்கு ஒரு வரிசை. வரிசைக்கு ஒரு பிள்ளை. எப்சி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்பாள். ஒருநாள் புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர் அவளைத் தலைமை விருந்தினரின் மகள் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டார்.

அமலராணியால் தாங்க முடியவில்லை. "ஒரு பிள்ளை கண்ணெதிர்ல உக்காந்திருக்கா மிஸ். பேப்பர்ல இல்லை. இது பொய்யில சேருமா, சேராதா?" என்று என்னிடம் கேட்டார். நான் வேதியியல்காரி, என்ன சொல்வேன்?

ஒரு பிரிவில் இரண்டு பேர் இருந்தால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் உண்மையிலேயே ஒதுக்கிவிடுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அமலராணி ஸஹானாவுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார். மறுநாள் காலை பதில் குரல்பதிவாக வந்திருந்தது. அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து கேட்டோம்.

"ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? அந்த ரேங்க் பாக்ஸ்ல ரெட் ஸ்டாரே கிடையாது ஆன்ட்டி. கட்டாயம் இல்ல. அப்பா அதுல ஒண்ணுக்கு ஒண்ணுன்னு போட்டதும் எனக்கு ரொம்ப வெக்கமா போச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி நானே அழிச்சுட்டேன். அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க ப்ளீஸ்."

அமலராணி அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். பிறகு எழுந்து போய்ச் சாம்பசிவன் சாரிடம் பெற்றோர் கூட்டம் கூட்டச் சொன்னார்.

சனிக்கிழமை காலை கூட்டம். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எப்சியைக் குலுக்கல் முறையில் ஏதாவது ஒரு பிரிவில் போடலாம் என்றார் தாளாளர். பெரிய சத்தம் எழுந்தது. ஒரு விமானம் வந்து அதை அமுக்கியது. அது போனதும் யாரோ, கிரீஷுக்குத்தான் ரேங்க்கே இல்லையே, அவனோடு போடுங்கள் என்றார்.

ப்ரியா எழுந்து நின்றார். "காலியா இருந்தாலும் அது அவன் இடம். எழுதி வாங்கியிருக்கேன்."

"அம்மா, வரட்டுமே" என்றான் கிரீஷ் பின்னாலிருந்து. "எங்க செக்‌ஷனுக்கு லீடரே இல்ல. ரெண்டு பேர் இருந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் ஓட்டாவது போட்டுக்கலாம். டிஃபன் பாக்ஸ் திறந்தா, செக்‌ஷன்ல யார்கூடவும் ஷேர் பண்ண முடியல."

"டேய், உக்காரு."

அப்போது அமலராணி முன்னால் வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் மைக்கைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"இதை ஆரம்பிச்சு வெச்சது நான்தான். ஒரு பிள்ளைக்கு முதல் ரேங்க்னு எழுதிக் குடுத்தேன். அந்த லெட்டரை அங்க யாரும் படிக்கலை. அந்தப் பாக்ஸை அவங்க அனுப்பவே இல்லை. காலியாத்தான் போச்சு. அதுக்கும் சீட் கிடைச்சதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. நம்ம ஊர் இன்ஜினீயரிங் கவுன்சலிங்லயும் ஸ்கூல் ரேங்க்கை யாரும் கேக்கறதில்லை. மார்க்தான் பாக்கறாங்க. இந்தப் பொண்ணை எங்கேயாவது சேத்துக்கங்க."

பலர் தலையை ஆட்டினார்கள். புரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். முன்வரிசையில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு முதல்ல ரேங்க் போட்டாங்க, இல்லையா?"

"போட்டோம்."

"அப்புறம் அழிச்சாங்க."

"ஆமாங்க."

"அழிச்சப்புறம்தான் சீட் கிடைச்சது."

"அப்படி இல்ல சார்…"

"அப்ப எங்க பிள்ளைகளுக்கும் போட்டு அழிச்சுக் குடுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்துப் பள்ளியில் போடாமலே விடுகிறார்கள், அது வேறு, போட்டு அழிப்பது வேறு என்று ஒரு அம்மா விளக்கினார். ப்ரியாதான் முதலில் கணக்கை முடித்தார். "எப்படியும் அழிக்கத்தானே போறோம்? அப்ப ஒண்ணா இருந்தா என்ன, ரெண்டா இருந்தா என்ன? அந்தப் பொண்ணு க்யூ செக்‌ஷனுக்கே வரட்டும்."

அப்படித்தான் எப்சி க்யூ பிரிவில் சேர்ந்தாள். திங்கட்கிழமை மறுபடியும் தேர்தல் நடந்தது. கிரீஷ் எப்சிக்குப் போட்டான், எப்சி கிரீஷுக்குப் போட்டாள். ஒன்றுக்கு ஒன்று சமம். இரண்டு பேரையும் தலைவர்கள் என்று அமலராணி அறிவித்தார். நான் பார்த்த வரையில் அந்த வருடம் உருப்படியாக இயங்கிய ஒரே பிரிவு அதுதான். எப்சி அவனுக்கு மதியத்தில் வேதியியல் சமன்பாடுகளைச் சொல்லிக்கொடுத்தாள். அவன் அவளுக்கு எந்த விமானம் எந்த நிறுவனத்துடையது என்று சொல்லிக்கொடுத்தான்.

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்தது. எப்சி ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. கிரீஷ் முந்நூற்று எண்பத்தெட்டு; என் பாடத்தில் தேறியிருந்தான். கூட்டத்தில் முடிவானபடி அமலராணி உட்கார்ந்து இருபத்தேழு சான்றிதழ் எழுதினார். இருபத்தாறு பேருடையதில் முதல் ரேங்க் என்று எழுதினார். கிரீஷுடையதில் மட்டும் இரண்டு. மை காய்ந்ததும் ஒவ்வொன்றின் மேலும் ஒயிட்னர் தடவினார். மூன்று பாட்டில் ஆனது. வாங்கிக்கொண்ட பெற்றோர்கள் ஜன்னல் பக்கமாகப் போய் வெளிச்சத்தில் பிடித்து, கீழே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

எப்சிக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் ஓர் அரசுக் கல்லூரி கிடைத்தது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. கிரீஷ் மட்டும் எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டு போனான். தாம்பரம் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் பி.காம்., இரண்டாம் ஷிஃப்ட். சேர்க்கை மேஜையில் இருந்தவர் காகிதங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிறுத்தினாராம்.

"இன்னா தம்பி இது, வெள்ளையா கீது?"

"ரேங்க் சார்."

"எத்தினாவது?"

"அழிச்சுட்டாங்க சார்."

"சரி, மார்க் ஷீட்ட எடு" என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார். அவ்வளவுதான், சேர்க்கை முடிந்தது. மற்றப் பிள்ளைகளும் அவரவர் மதிப்பெண்ணுக்கு எது கிடைக்குமோ அதில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தார்கள். ஒருவனுக்குக் கிடைத்தது, ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடப் பன்னிரண்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். எழுத்து போதாது என்பதால் எல்லாரையும் ஏ பிரிவில் போடச் சொன்னார் சாம்பசிவன் சார். கதவுக்கு மேலே ஒரு பலகை மட்டும் மிஞ்சியது. எனக்கு ஒரே பதிவேடு. முதல் நாள் அரை நிமிடத்தில் வருகை எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அன்று மாலை பல்லாவரம் போகும் ஷேர் ஆட்டோவில் அமலராணியும் நானும் ஒன்றாகப் போனோம். பம்மலில் போக்குவரத்து நின்றுவிட்டது. பேச்சுவாக்கில், "நீங்க பன்னெண்டாவதுல எத்தனை மார்க்?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.

"ஆயிரத்து அறுபத்தெட்டு. ஸ்கூல் ஃபர்ஸ்ட்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொல்லவே இல்லையே!"

"யார் நம்புவாங்க மிஸ்? ஸ்கூல் ஹால்ல இருந்த பலகையில பேர் எழுதினாங்க. பெயின்ட்டர் அமலராணியை அமலராஜன்னு எழுதிட்டார். முப்பது வருஷமா தொண்ணூத்தி நாலுல ஃபர்ஸ்ட் வந்தது அமலராஜன்தான். நான் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டப்போ, ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுன்னு லெட்டர் கேட்டேன். பலகையைப் பார்த்துட்டு, அப்படி ஒரு பொண்ணு இல்லைன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"மார்க்கைப் பார்த்துக் கணிதத்துல சீட் குடுத்தாங்க. ரெண்டு வருஷம் படிச்சேன். அப்புறம் அப்பா போயிட்டார், வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன்."

"போய்ப் பேரை மாத்தச் சொல்லலாம் இல்ல?"

"போன வருஷம் போனேன் மிஸ். மாத்தித் தரேன்னாங்க. ஆனா பலகையைப் பார்த்து அந்த அமலராஜனைப் பழைய மாணவர் சங்கத்துல பத்து வருஷமா துணைத்தலைவரா வெச்சிருக்காங்களாம். அவர் ராஜினாமா பண்ணாத்தான் முடியுமாம்."

முன்னால் இருந்த பேருந்து நகர்ந்தது. அமலராணி மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னார்.